லோரியான் துறையில் ஒரு படகு கரையேறியது

லோரியான் நகருக்குத் தெற்கே, கெரோமான் முனையில், மூன்று பிரம்மாண்டமான கான்கிரீட் கட்டடங்கள் கடலைப் பார்த்தபடி நிற்கின்றன. ஜெர்மானியர் தங்கள் நீர்மூழ்கிகளைப் பாதுகாக்க 1941-இல் கட்டத் தொடங்கியவை இவை. 1943-ஆம் ஆண்டின் முதல் இரண்டு மாதங்களில் நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசி ஊரை ஏறக்குறைய முழுதும் அழித்துவிட்டன. இந்தக் கட்டடங்களை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. போர் முடிந்ததும் பிரெஞ்சுக் கடற்படை எடுத்துக்கொண்டு 1997 வரை பயன்படுத்தியது. இன்று அதே முனை, பெருங்கடல் பந்தயப் படகுகளின் தாய்வீடு.

இந்தக் கட்டடங்களில் இரண்டு தண்ணீருக்குள் இல்லை, தரைமேல் இருக்கின்றன. நீர்மூழ்கியைச் சாய்தளத்தின் வழியே தண்டவாள வண்டியில் இழுத்து மேலே கொண்டுவருவார்கள். பிறகு பக்கவாட்டில் நகரும் மேடை ஒன்றில் ஏற்றி, அதற்குரிய அறைக்கு நேரே நிறுத்தி உள்ளே தள்ளுவார்கள். அக்காலத்தில் அதிகம் ஓடிய வகை நீர்மூழ்கி 67 மீட்டர் நீளம், 770 டன் எடை. அப்படிப்பட்ட இரும்பையே கரையேற்றிய இடத்தில், மூன்று டன் சொச்சம் எடையுள்ள ஒரு பாய்மரப் படகைக் கரையேற்ற ஒரு குழு முழுதாக மெனக்கெட்டதை நான் பார்த்தேன். அந்த மெனக்கெடல் ஒவ்வொன்றும் தேவையானது என்று அங்கே நின்றபோது புரிந்தது.

நான் லோரியான் போனது வேறொரு வேலையாக. புதுச்சேரிக்காரன் எவனுக்கும் இந்த ஊர்மேல் ஒரு பாத்தியதை உண்டு. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1664-இல் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில் இந்தக் கழிமுகத்தில் கப்பல் கட்டும் தளம் அமைத்தது. சோழமண்டலக் கரையின் துணிப் பொதிகள் வந்திறங்கிய துறை இது. எதிர்க்கரையில் போர் லூயி கோட்டைக்குள் கம்பெனியின் அருங்காட்சியகம் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் பாரிஸிலிருந்து ரயிலேறினேன். கப்பல் மாதிரிகளையும் அச்சுத் துணிகளையும் ஆசை தீரப் பார்த்துவிட்டுக் கோட்டை மதில்மேல் ஏறினால், நீர்ப்பரப்புக்கு அப்பால் பாய்மரங்கள் வரிசையாகத் தெரிந்தன. அடுத்த நாள் காலை அங்கே போய்விட்டேன்.

ட்ரைமரன் என்பது மூன்றுடல் படகு. நடுவில் நீளமான முதன்மை உடல், இருபுறமும் எட்டத்தில் ஒல்லியான மிதவைகள், மூன்றையும் பிணைக்கும் குறுக்குக் கைகள். காற்று பாயைத் தள்ளும்போது ஒற்றையுடல் படகு அடியில் கட்டிய ஈயத்தின் பாரத்தால் கவிழாமல் நிற்கிறது. மூன்றுடல் படகுக்கு ஈயம் வேண்டாம், அகலமே போதும். பாரத்தைச் சுமக்காததால் அதற்கு வேகம் கூடுகிறது. எரிக் தபார்லியின் அலுமினிய ட்ரைமரன் ‘பென் துயிக் 4’ 1968-இல் இதே லோரியானில் கட்டப்பட்டது. அதைப் பின்னர் வாங்கிய அலென் கொலா, 1972-இல் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் பந்தயத்தை அதில் வென்றார். ‘மனுரேவா’ என்று பெயர் மாற்றிய அதே படகோடு 1978-இல் கடலில் காணாமற்போனார். அது ‘ரூத் தியு ரோம்’ பந்தயத்தின் முதல் ஆண்டு. சேன் மாலோவிலிருந்து குவாதலூப் தீவுக்கு ஓடிய அந்தப் போட்டியில், மைக் பிர்ச்சின் சின்னஞ்சிறு மஞ்சள் ட்ரைமரன் மிஷேல் மலினோவ்ஸ்கியின் பெரிய ஒற்றையுடல் படகை 98 வினாடி இடைவெளியில் முந்தியது. அந்த 98 வினாடிக்குப் பிறகு பிரான்சில் பந்தயப் படகு கட்டுவோர் பலரின் பார்வை மாறிவிட்டது. இன்றைய பெரிய வகை 32 மீட்டர் நீளமும் 23 மீட்டர் அகலமும் கொண்டது. 2022-இல் அத்தகைய ஒன்று அதே பாதையை ஏழு நாளுக்குள் கடந்தது.

நான் பார்த்தது அத்தனை பெரியதல்ல. 50 அடி வகை: நீளம் 15 மீட்டருக்குச் சற்று மேல், அகலமும் ஏறக்குறைய அவ்வளவே. குளிர்காலப் பராமரிப்புக்காக அதை வெளியே எடுக்கப்போகிறார்கள் என்று துறைமேடையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த இளைஞன் சொன்னான். வேலைக்குப் பொறுப்பானவர் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. தலைக்கவசம், கையில் ஒரு நோட்டு, கழுத்தில் விசில். புதுச்சேரியில் படித்த பிரெஞ்சில் பேசினேன். “எங்கே நிற்கச் சொல்கிறேனோ அங்கேயே நில்லுங்கள், கேள்வி எத்தனை வேண்டுமானாலும் கேளுங்கள்” என்றார். பிறகு அவரே தொடங்கினார்: “எடையைப் பார்த்தால் இது சின்ன வேலை. அகலத்தைப் பார்த்தால் பெரிய வேலை.”

படகுகளைத் தூக்க இப்படிப்பட்ட துறைகளில் சக்கரம் வைத்த வாயில்சட்டம் போன்ற இயந்திரம் ஒன்று இருக்கும். இரண்டு கான்கிரீட் கரங்களுக்கு நடுவே படகு நுழையும், இயந்திரம் மேலிருந்து இரண்டு பெல்ட்டுகளைத் தொங்கவிட்டு எடுத்துக்கொள்ளும். ஒற்றையுடல் படகுக்கு அது சுகமான வழி. 15 மீட்டர் அகலமுள்ளது அந்த இடுக்குக்குள் நுழையாது. ஆகவே கிரேன்தான் வரவேண்டும். அங்கேதான் கணக்கு தொடங்குகிறது.

கிரேனின் மேல் 60 டன் என்று எழுதியிருந்தால், அது 60 டன்னை எங்கும் தூக்கும் என்று பொருளல்ல. தன் காலடிக்கு மிக அருகே, இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில் மட்டுமே அத்தனை. கை நீள நீள வலு குறையும். எடையையும் கிரேனின் சுழல்மையத்திலிருந்து கொக்கிவரை உள்ள தூரத்தையும் பெருக்கிப் பார்க்கவேண்டும். படகின் அரை அகலம் ஏழரை மீட்டர். சுவரில் உரசாமலிருக்க ஒரு மீட்டர் இடைவெளி. துறைமேடையின் விளிம்புக்கு மிக அருகே கிரேனின் கால்களை ஊன்ற முடியாது, மேடையின் விளிம்பு அந்த அழுத்தத்தைத் தாங்காமல் போகலாம். அதற்கு ஐந்து மீட்டர் உள்ளே. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 14 மீட்டர் ஆகிவிடுகிறது. பெல்ட், சட்டம் எல்லாம் சேர்த்து மூன்றரை டன் என்றால், பெருக்கினால் 49. பெரிய வகைப் படகின் 15 டன்னைக் கொக்கி 20 மீட்டர் தள்ளிப் பிடிக்கவேண்டி வந்தால் 300. படகு ஐந்து மடங்குக்கும் குறைவாகத்தான் கனம், கிரேன் ஆறு மடங்கு பெரியதாக வேண்டும்.

கிரேனின் நான்கு கால்களின் கீழும் கனமான பலகைகளை அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு காலின் அழுத்தமும் சின்ன வட்டத்தில் விழாமல் பரவுவதற்காக. பழைய துறைமேடைகளில் கல்லுக்குப் பின்னாலிருக்கும் மண்ணைக் கடல் அரித்துக் குடைந்திருக்கும். மேலே தார் பளபளக்கும், உள்ளே வெற்றிடம். மேடையின் தாங்குதிறன் எவ்வளவு என்ற காகிதத்தைத் துறைமுக அலுவலகத்திலிருந்து வாங்கி வைத்த பிறகே கிரேனை வரவழைத்ததாக அந்தப் பெண்மணி சொன்னார். அந்தக் காகிதத்தை நோட்டிலிருந்து எடுத்தும் காட்டினார்.

நாளையும் நேரத்தையும் கடல்தான் குறித்துக் கொடுத்திருந்தது. புதுச்சேரிக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர் வேறுபாடு வருவதே அரிது. லோரியானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஐந்து மீட்டர்வரை ஏறி இறங்கும். வற்றத்தில் படகு கிணற்றுக்குள் கிடப்பதுபோல் கீழே போய்விடும்; கிரேன் ஓட்டுநருக்குக் கண்ணில் படாது, மிதவை சுவரில் தேயும். ஏற்றம் முழுதாகி நீர் அசையாமல் நிற்கும் வேளையில்தான் தூக்கவேண்டும். அவர்கள் அஷ்டமியை ஒட்டிய நாளைத் தேர்ந்திருந்தார்கள். அந்த நாட்களில் ஏற்றவற்றம் சிறியது, நீர் நின்று நிதானிக்கும் நேரம் அதிகம், இந்தக் கரையில் ஏற்றம் பட்டப்பகலில் முழுமையடையும். வெளிச்சமும் கிடைக்கும்.

பாய்மரத்தை முந்தின நாளே இறக்கிவிட்டார்கள். மரம் நின்றால் அதன் உச்சியிலிருந்து மிதவைகளுக்குப் போகும் கம்பிகள் கிரேனின் கைக்குக் குறுக்கே நிற்கும். மரத்தின்மேல் காற்றும் பிடிக்கும். சிறிய உலாப் படகுகளை மரத்தோடே தூக்குவது உண்டு. இங்கே மரத்தையும் சோதித்தாக வேண்டியிருந்ததால் அந்தக் கேள்வியே எழவில்லை. பாய்கள், கயிறுகள், உயிர்காப்புத் தெப்பம், குடிநீர், எரிபொருள் எல்லாம் கரைக்கு வந்திருந்தன. நீருக்குள் இறக்கும் செங்குத்துப் பலகையை மேலே இழுத்துக் கட்டியிருந்தார்கள். இறக்கை போன்ற வளைந்த தகடுகளையும் மிதவைகளுக்குள் இழுத்துவிட்டார்கள்.

அதன்பின் ஓர் இளைஞன் ஒவ்வொரு மிதவையின் வட்டமூடியையும் திறந்து தலையை உள்ளே நுழைத்தான். ஸ்பஞ்சை வைத்துத் தண்ணீரைப் பிழிந்து பிழிந்து வாளியில் எடுத்தான். அவ்வளவு கொஞ்சத் தண்ணீருக்கு இத்தனை பாடா என்று கேட்டேன். பெண்மணி நோட்டைத் திருப்பிக் கணக்குப் போட்டார். ஒரு மிதவையில் 200 லிட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது படகின் நடுக்கோட்டிலிருந்து ஏழு மீட்டர் தள்ளி இருக்கிறது. மூன்று டன் படகில் மொத்த எடையின் மையம் அந்தப் பக்கமாக அரை மீட்டருக்கு நெருக்கமாக நகர்ந்துவிடும். கொக்கி நடுவில், எடை ஓரத்தில். தூக்கியதும் ஒரு பக்கம் சாயும், சாய்ந்ததும் தண்ணீர் மிதவைக்குள் தாழ்ந்த முனைக்கு ஓடும், இன்னும் சாயும். 770 டன் நீர்மூழ்கிக்கு 200 லிட்டர் ஒரு பொருட்டல்ல. இலேசாகவும் அகலமாகவும் இருப்பதுதான் ட்ரைமரனின் கடல் வலிமை. கிரேனில் தொங்கும்போது அதே குணம் ஒவ்வொரு வாளித் தண்ணீரையும் பெரிதாக்கிவிடுகிறது. அன்று நான் கேட்டறிந்ததில் மனத்தில் ஆழப் பதிந்தது இந்தக் கணக்குத்தான்.

எங்கே பிடித்துத் தூக்குவது? குறுக்குக் கைகள் நடு உடலோடு சேருமிடத்தில், உள்ளே கனத்த தடுப்புச் சுவர் இருக்கும் இடத்துக்கு நேர்மேலே, நான்கு கண்கள் பதித்திருந்தார்கள். வேறெங்கும் பிடிக்கக்கூடாது. படகின் அடிவயிறு பரந்த நீரின் அழுத்தத்தைத் தாங்கக் கட்டப்பட்டது. ஒரு பெல்ட்டின் அகலத்துக்குள் மொத்த எடையும் விழுந்தால் அது வேறு விதமான நெருக்கடி. கரிநார்ச் சுவர் மரம்போல் நசுங்கியோ இரும்புபோல் நெளிந்தோ காட்டிக்கொடுக்காது. வெளியே வழவழவென்று இருக்கும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். நடுக்கடலில்தான் தெரியவரும். கண் பதிக்காத படகுகளுக்கு அடியில் பெல்ட் போடுவதே வழி. அப்போது உள்ளே தடுப்புச் சுவர் இருக்கும் இடத்தை வெளியே நாடா ஒட்டிக் குறித்துவைப்பார்கள். சுக்கான், உந்துவிசிறி, வேகமானி ஆகியவற்றில் பெல்ட் படாமல் பார்க்கவேண்டும். முன் பெல்ட் ஒடுங்கிய மூக்கை நோக்கி நழுவாதபடி இரண்டையும் ஒரு கயிற்றால் பிணைக்கவும் வேண்டும்.

பெல்ட்டுகளுக்கு நிறம் உண்டு. ஊதா ஒரு டன், பச்சை இரண்டு, மஞ்சள் மூன்று, சாம்பல் நான்கு, சிவப்பு ஐந்து. அறுந்துபோகும் எடையில் ஏழில் ஒரு பங்கைத்தான் அந்த நிறம் சொல்கிறது. ஆனால் சாய்வாகப் போகும் பெல்ட் நேராகத் தொங்குவதைவிட அதிகம் சுமக்கிறது. கிடைமட்டத்திலிருந்து 60 பாகையில் போனால் இழுவிசை சற்றுத்தான் கூடும். 30 பாகைக்குத் தாழ்ந்தால் இரண்டு மடங்கு. நான்கு பெல்ட் போட்டால் எடையை நான்காகப் பங்கிடக்கூடாது, மூன்றாகத்தான் பங்கிடவேண்டும் என்பது விதி; விறைப்பான பொருளைத் தூக்கும்போது ஏதாவது ஒன்று எப்போதும் சற்றுத் தொய்ந்தே இருக்கும். பெல்ட்டுகளை நீளமாக வைத்தால் சாய்வு குறையும், படகும் கிரேனின் கைக்கு நன்றாகக் கீழே தொங்கும். குட்டையாக வைத்தால் உட்பக்க மிதவை கிரேனின் கையிலேயே போய் மோதும். நீளமாக வைக்க உயரமான கை வேண்டும், உயரமான கைக்குப் பெரிய கிரேன் வேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசைகிறது.

முற்பகல் பத்தரை மணியளவில் காற்றுமானியைப் பார்த்தார்கள். கிரேனின் கை நுனியிலும் ஒரு காற்றுமானி உண்டு. கிரேனுக்கென்று எழுதிய காற்று வரம்பு, சிறிய கனமான பொருளை மனத்தில் வைத்து எழுதியது. இந்தப் படகின் பக்கங்களே பாய்போல் காற்றை வாங்கும் என்பதால் வரம்பைத் தாங்களாகவே குறைத்துக்கொண்டிருந்தார்கள். படகில் ஒருவரும் இல்லை என்று பெயர் சொல்லி எண்ணினார்கள். மிதவைகளின் முன்னும் பின்னுமாக நான்கு பிடிகயிறுகள், ஆளுக்கொன்று. கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றக்கூடாது. படகு சட்டென்று திரும்பினால் ஆளைச் சேர்த்து இழுத்துவிடும்.

சைகை காட்டுவது அந்தப் பெண்மணி ஒருவரே. ஓட்டுநர் அவரைத் தவிர வேறு யாருடைய கையையும் பார்க்கமாட்டார். நிறுத்து என்ற சைகை மட்டும் விலக்கு. அதை யார் காட்டினாலும் நிறுத்தியாகவேண்டும். சுட்டுவிரலை மேலே நீட்டிச் சின்ன வட்டம் போட்டார். பெல்ட்டுகள் விறைத்தன. ஓய்ந்து நிற்கும் ட்ரைமரன் ஒரு மிதவைமேல் சாய்ந்திருப்பது வழக்கம். இதுவும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது, கொக்கி இழுத்ததும் நிமிர்ந்தது. ஆனால் பின்புறம் முதலில் எழும்பியது. உடனே இறக்கச் சொன்னார். எடையின் மையம் கொக்கிக்கு முன்னால் இருக்கிறது என்று பொருள். முன் பெல்ட்டுகளைச் சில விரற்கடை சுருக்கினார்கள், கொக்கி முன்னால் வந்தது. மறுபடி வட்டம் போட்டார். இம்முறை மட்டமாக எழுந்தது.

அந்த நேரம் பார்த்து மீன்பிடித் துறையிலிருந்து ஒரு இழுவைப் படகு வெளியேறியது. கையைக் குறுக்கே நீட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். அது கிளப்பும் அலை இங்கு வந்து சேரும். பாதி தண்ணீரிலும் பாதி பெல்ட்டிலும் இருக்கும் படகை அலை தூக்கிவிட்டுக் கைவிட்டால் பெல்ட் தொய்ந்து சடக்கென்று இழுபடும். நிற்கும் எடையைத் தாங்கும் பெல்ட் அந்த வெட்டி இழுப்பைத் தாங்கவேண்டும் என்பதில்லை. அலை வந்தது, மேடைச் சுவரில் மோதித் திரும்பியது, அடங்கியது. பிறகும் சிறிது நேரம் காத்திருந்தார்கள். எனக்கு அந்தக் காத்திருப்பு பிடித்திருந்தது. மணிக்கணக்கில் வாடகை ஓடும் கிரேனை நிறுத்திவைத்து அலைக்காகக் காத்திருக்கும் துணிவு எல்லா இடத்திலும் வாய்ப்பதில்லை.

எடைகாட்டியில் எண்கள் ஏறின. 900, 1,600, 2,700. நீர் விட்டுவிட்டதும் 3,240-இல் நின்றது. ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி நான்கு கண்களையும் சுற்றிப் பார்த்தார்கள். பாசி படர்ந்த அடியிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. பிறகு உயர்த்தி, மெல்லத் திருப்பி, மேடைக்கு மேலே கொண்டுவந்தார்கள். மிதவை ஒன்று விளக்குக் கம்பத்தை ஒட்டி வந்தபோது பிடிகயிற்றுக்காரர் நால்வரும் சொல்லி வைத்தாற்போல் ஒரே திசையில் இரண்டு அடி நடந்தார்கள். படகின் கீழே ஒருவரும் போகவில்லை. ஒரு தாங்கியை அரை அடி நகர்த்தவேண்டி வந்தபோதுகூட, படகைத் தள்ளி நிறுத்தி, நகர்த்திவிட்டு, திரும்பக் கொண்டுவந்தார்கள்.

தாங்கிகளில் பழைய தரைவிரிப்புத் துண்டுகளை வைத்து ஆணியடித்திருந்தார்கள். எடை முழுதும் நடு உடலுக்கு. மிதவைகளின் கீழே வைத்த முட்டுகள் தொட்டும் தொடாமலும். கடலில் மிதவையை நீர் மேல்நோக்கித் தள்ளும், குறுக்குக் கைகள் அதற்காகவே செய்தவை. கரையில் மிதவை தன் எடையால் கீழ்நோக்கித் தொங்கும். மாதக்கணக்கில் அப்படி நிற்கையில் ஒரு ஆதரவு வேண்டும், காற்றில் ஆடாமலும் இருக்கவேண்டும். அதற்குத்தான் முட்டுகள். அவற்றை இறுக்கிவிட்டால் நடு உடலுக்குரிய எடை மிதவைகளின்மேல் ஏறிவிடும்.

மேடையின் மறுகோடியில் ஒரு குடும்பம் தங்கள் சிறிய மடிப்பு ட்ரைமரனோடு முறைக்காகக் காத்திருந்தது. நியூசிலாந்துக்காரரான இயன் ஃபேரியர் வகுத்த மடிப்பு முறை அது. 1985-இல் வந்த அவருடைய 27 அடிப் படகு விரிந்தால் ஏறக்குறைய 6 மீட்டர், மடித்தால் இரண்டரை மீட்டர். கைகளை மடித்து வண்டியில் ஏற்றி வீட்டுக்கே இழுத்துப் போகலாம். அகலத்தின் சிக்கலை அகலத்தையே சுருக்கித் தீர்த்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. மடித்த நிலையில் மிதவைகள் நடு உடலோடு ஒட்டிக்கொள்வதால் அடியில் பெல்ட் போட்டால் அவற்றை நசுக்கும். ஆகவே மேல்தளத்திலுள்ள கண்களில் மாட்டியே தூக்குகிறார்கள். அவர்களுடைய படகு கொக்கியில் ஏறிக் கரைக்கு வர ஒரு தேநீர் குடிக்கும் நேரம் ஆகவில்லை.

பெண்மணி பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக விரித்து, தையலில் அறுந்த நூல் உண்டா என்று விரலால் தடவிப் பார்த்துச் சுற்றிவைத்தார். நோட்டில் 3,240 என்று எழுதினார். முன் பெல்ட்டைச் சுருக்கிய அளவையும், கொக்கி நின்ற இடத்தையும் பக்கத்தில் படம் வரைந்து குறித்தார். படகின் மேல்தளத்தில் அந்த இடத்தில் சிவப்பு நாடாவும் ஒட்டினார். வசந்தத்தில் இதைத் திரும்ப இறக்கும்போது பாய்மரம் கரையில்தான் இருக்கும், அதே அளவு செல்லும். எரிபொருளை மட்டும் முன்கூட்டி நிரப்பிவிடக் கூடாது என்றார். இளைஞர்கள் அதற்குள் குழாயைப் பிடித்து அடிப்பாசியைக் கழுவத் தொடங்கியிருந்தார்கள்.